வீரருக்கு ஒதுக்கிய நாற்காலி

கூட்டத்துக்கு வந்திருந்தவர்களும் அவர்கள் இருந்த இடங்களும் வருமாறு:

மேசையின் தலைப்பில், விசிறிக்கு நேர் கீழே, அலுவலகத் தலைவர் முசியே லபோர்த். அவருக்கு வலப்பக்கம், ஆற்றுக் காற்று வரும் ஜன்னலை ஒட்டி, மருத்துவர் பெக்கார். இடப்பக்கம், பழைய படைவீரர் சங்கத்தின் சார்பில், மீசைக்கு மெழுகு தடவிய கப்பித்தேன் துய்வால். போர் நடந்த காலம் முழுக்கச் சைகோனில் அரிசிக் கிடங்குக்குக் காவல் இருந்தவர். மேசையின் கடைசியில், விசிறியும் ஜன்னலும் எட்டாத மூலையில், காரியதரிசி ரோஜே, புதுச்சேரிக்காரர். சுவரோரம், குடியரசுத் தலைவர் படத்துக்குக் கீழே, சிவப்பு வெல்வெட் தைத்த நாற்காலி ஒன்று. அதன் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மூவர்ண நாடா இழுத்துக் கட்டியிருந்தது. முதுகில் பித்தளைத் தகடு. 'போரில் அங்கம் இழந்த வீரருக்கென ஒதுக்கப்பட்டது. தாய்நாடு மறவாது.' அதில் யாரும் உட்காரவில்லை.

போரில் அங்கம் இழந்த வீரர் ஆந்துவான் கதவோரம் நின்றுகொண்டிருந்தார்.

அலுவலகத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. சைகோனில் இருந்த கொசின்சின் என்ற பிரெஞ்சுக் காலனி அரசாங்கத்தில் எந்தத் தாள் எழுதப்பட்டாலும் மூலம் கவர்னர் மாளிகைக்குப் போகும். முதல் பிரதி கருவூலத்துக்கு. இரண்டாம் பிரதி பாரிசுக்கு. மூன்றாம் பிரதி யாருக்கு என்று சட்டத்தில் எங்கேயும் சொல்லவில்லை. எழுத வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தது. அதை எழுதிப் பத்திரப்படுத்துவதற்காக ஏற்பட்டதுதான் மூன்றாம் பிரதி அலுவலகம். போருக்கு முன்னால் ஆந்துவான் அங்கேதான் நகல் எழுத்தராக இருந்தார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். யாரும் படிக்காத தாளுக்கு இவ்வளவு அழகு எதற்கு என்று மற்ற எழுத்தர்கள் கேலி செய்வார்கள்.

போர் வந்ததும் ஆந்துவான் பட்டாளத்தில் சொல்தாவாகப் பெயர் கொடுத்தார். யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. அவருடைய பாட்டனார் காரைக்காலில் பத்திரம் பதியும் நோட்டேர் முன்னால் உட்கார்ந்து, சாதி வழக்கங்களை எல்லாம் விட்டேன், இனி பிரெஞ்சுச் சட்டமே எனக்கும் என் சந்ததிக்கும் சட்டம் என்று கையெழுத்துப் போட்டவர். கையெழுத்துப் போட்ட குடும்பத்துப் பிள்ளை, கூப்பிட்டால் போகத்தான் வேண்டும். கர்ப்பமாக இருந்த மனைவி மாரி-ரோஸைக் காரைக்காலுக்கு அனுப்பிவிட்டுக் கப்பல் ஏறினார். பிரான்சில், வெர்தான் போர்முனையில், சேற்றுக்குள் ஒரு குண்டு விழுந்தது. சேறு இருந்தது, ஆந்துவான் இருந்தார், அவருடைய வலது கை மணிக்கட்டுக்குக் கீழே இல்லை.

ஒரு சொல்தாவை எங்கே ஏற்றினார்களோ அங்கேயேதான் இறக்கிவிட வேண்டும் என்பது ராணுவ விதி. ஆகவே திரும்பும் கப்பல் கொழும்பில் நின்றபோது, காரைக்காலுக்குப் போகிறேன் என்று இவர் கெஞ்சியும் விடாமல், சைகோன் வரை கொண்டுவந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு இறக்கிவிட்டார்கள். கையெழுத்து இடது கையால் போட்டது. கோழி கிளறியதுபோல் இருந்தது. மகள் பிறந்து ஜோசெட் என்று பெயர் வைத்திருப்பது கடிதத்தில் தெரிந்த விஷயம். முகம் தெரியாது.

இப்போது புதுச் சட்டம் வந்திருந்தது. ஒவ்வோர் அரசு அலுவலகமும் அங்கம் இழந்த வீரருக்கு ஓர் இருக்கையை ஒதுக்க வேண்டும். நிரந்தர வேலை. வேலையோடு குசினியும் இரண்டு அறையும் கொண்ட அரசு வீடு. குடும்பத்தை வரவழைக்கக் கப்பல் சீட்டு. ஆந்துவானுக்கு வேண்டியது கடைசி இரண்டும்தான். அதற்காக முதலாவதற்கு மனுப் போட்டிருந்தார்.

ஒதுக்கச் சொன்னார்கள், முசியே லபோர்த் ஒதுக்கிவிட்டார். நாற்காலி பிரான்சின் மார்சேயிலிருந்து வந்தது.

"முசியே ஆந்துவான், முதலில் தாய்நாட்டின் சார்பில் உங்களுக்கு நன்றி" என்று அவர் தொடங்கினார். "ரோஜே, நன்றி சொல்லப்பட்டது என்று எழுதிக்கொள்."

ரோஜே எழுதிக்கொண்டார்.

"உங்களை உட்காரச் சொல்ல எனக்கு ஆசைதான். இருப்பதோ ஒதுக்கப்பட்ட நாற்காலி."

"வீரருக்குத்தானே முசியே?"

"வீரருக்குத்தான். நியமனம் பெற்ற வீரருக்கு. நீங்கள் இன்னும் மனு நிலையில் இருக்கிறீர்கள். மனு உட்கார முடியாது."

மருத்துவர் பெக்கார் எழுந்து வந்து யானைத் தந்த அளவுகோலை வைத்துக் கையின் மிச்சத்தை அளந்தார். மென்மையாகத்தான் பிடித்தார்.

"நூற்றுக்கு நாற்பது பங்கு ஊனம். சரியாக நாற்பது. அருமையான வெட்டு. யார் செய்தது?"

"ஜெர்மன்காரன் முசியே."

"நான் அறுவை மருத்துவரைக் கேட்டேன்." அவர் இடத்துக்குத் திரும்பிச் சட்டத்தைப் புரட்டினார். "முன்னுரிமை பெற நாற்பது பங்கோ அதற்கு மேலோ ஊனம் இருக்க வேண்டும். உங்களுக்கு இருக்கிறது, வாழ்த்துகள். ஆனால் நகல் எழுத்தர் வேலை செய்ய ஊனம் நாற்பதுக்குக் குறைவாக இருக்க வேண்டும். அப்படி உங்களுக்கு இல்லை."

"அப்படியென்றால்?"

"உங்கள் முன்னுரிமை முழுமையானது. வேலைக்குத்தான் உங்களுக்குத் தகுதி இல்லை."

கப்பித்தேன் துய்வால் மீசையைத் தடவினார். "குண்டு ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் விரல்களோடு போயிருக்கும், நீங்கள் இன்றைக்கு எழுத்தர். கிடங்கில் என் ஆட்களுக்கு நான் ஓயாமல் சொல்வேன், மூட்டை சரிவதெல்லாம் கவனக்குறைவால்தான் என்று. நான்கு வருடத்தில் என் கிடங்கில் ஒருவருக்கும் ஒரு கீறல் கிடையாது."

"நான் இடது கையால் எழுதுவேன் முசியே" என்றார் ஆந்துவான்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இடது கை என்ற ஒன்று இருப்பதைச் சட்டம் எழுதியவர்கள் யோசித்திருக்கவில்லை. அடுத்த வருடக் கூட்டத்தில் எழுத்துத் தேர்வு வைப்பது என்று முடிவாயிற்று. அதுவரைக்கும் மனுதாரர் காலனியை விட்டு வெளியே போகக் கூடாது. போனால் மனு செத்துப்போகும். இதை ரோஜே வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

ஆந்துவான் தங்கியிருந்தது சைகோன் பள்ளிவாசல் தெருவில் சலாஹுதீனின் ஜவுளிக்கடையில். காரைக்காலில் இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த தெரு; மூத்தவரான சலாஹுதீனை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவார். பகலில் ஆந்துவான் கணக்கு வழக்குக்கு உதவுவார். ராத்திரி துணிக்கட்டுகளுக்கு நடுவே கடை ஆட்களோடு படுத்துக்கொள்வார்.

"என்ன தம்பி, நாற்காலி கெடச்சிச்சா?" என்றார் சலாஹுதீன், முழக்கோலைக் கீழே வைக்காமல்.

"பாத்துட்டு வந்தேன் நானா."

"பாத்துட்டு வர்றதுக்கு அது என்ன நாகூர் கந்தூரிக் கொடியா? உட்கார வெச்சானுவளா இல்லையா?"

"அடுத்த வருஷம் எழுதிக் காட்டச் சொல்றாங்க."

"கை போன மனுசன எழுதிக் காட்டச் சொல்றானுவளா? நல்லா இருக்கு ஞாயம். கால் போனவன ஓடிக் காட்டச் சொல்லுவானுவ போல."

சலாஹுதீன் திட்டிக்கொண்டே துணி சுற்றி வரும் பழுப்புக் காகிதங்களை எல்லாம் ஒரு மூலையில் அடுக்கினார். எழுதிப் பழக. அந்த வருடம் பூராவும் கடைக்கு வந்தவர்கள் வாங்கிப்போன துணி எல்லாம், குடியரசின் சட்ட விதிகளை உருண்டை எழுத்தில் எழுதிய காகிதத்தில்தான் கட்டிப் போனது. முதலில் கோழிக் கிளறல். பிறகு பள்ளிப் பிள்ளை எழுத்து. மழைக்காலம் முடிவதற்குள் பழைய முத்துகள் இடது கையிலிருந்து விழ ஆரம்பித்தன.

இரண்டாம் வருடக் கூட்டம். இருந்தவர்கள் அவரவர் இடத்தில் இருந்தார்கள். நாற்காலியின் நாடா வெளுத்துப்போனதால் புதிது மாற்றியிருந்தார்கள். மாற்றும்போது முற்றத்தில் பட்டாளத்து பாண்டு வாசித்ததாம். ஆந்துவானுக்கு எழுதுவதற்காக ஓர் உயரப் பலகை வந்தது. நின்றபடியே எழுதினார். கொடுக்கப்பட்ட பாடம், வீரர்களுக்கு வேலையில் முன்னுரிமை தரும் அதே சட்டம்.

எழுதி முடித்த தாள் கைக்குக் கை போனது. மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "எழுத்தா இது, அணிவகுப்பு" என்றார் கப்பித்தேன். முசியே லபோர்த் வெகுநேரம் தாளைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"இந்த அலுவலகத்தில் இதுபோல் எழுத யாரும் இல்லை. உன்னையும் சேர்த்துத்தான் ரோஜே. ஆனால் விதி எப்படி இருக்கிறது? 'நகல் எழுத்தர் பேனாவை வலது கையில் பிடித்து, தாளை இடது கையால் அமர்த்திக்கொண்டு எழுத வேண்டும்.' ஆகவே முசியே ஆந்துவான், நீங்கள் எழுதியது அழகாக இருக்கிறது. சட்டப்படி அது எழுதப்படவில்லை."

தாளில் 'எழுதப்படவில்லை' என்று குறித்து, அதற்கு மூன்று பிரதி எடுக்கச் சொன்னார்.

முசியே லபோர்த் கல்நெஞ்சக்காரர் இல்லை. ஆந்துவான் தொப்பியை எடுத்துக்கொண்டு திரும்பியபோது கூப்பிட்டார். வெல்வெட்டில் தூசு சீக்கிரம் படிகிறது, பித்தளை பச்சை பூக்கிறது. நாற்காலியைத் தினமும் துடைக்க ஒரு கை வேண்டும். எந்தக் கை என்று விதியில் இல்லை. தினக்கூலிதான். வீடு கிடையாது, சீட்டு கிடையாது. அஞ்சல் கப்பலுக்குப் போகும் உறைகளுக்கு அரக்கு முத்திரை வைப்பதும் அந்த வேலையில் சேர்த்தி.

ஆந்துவான் ஒத்துக்கொண்டார். நாற்காலியின் பக்கத்திலேயே இருந்தால், உட்காரும் நாள் வரும்போது கூப்பிட ஆள் அனுப்ப வேண்டியிருக்காது அல்லவா.

அன்று மாரி-ரோஸுக்கு எழுதிய கடிதத்தில் பொய் ஒன்றும் எழுதவில்லை. 'அரசு நாற்காலி இப்போது என் பொறுப்பில் இருக்கிறது' என்று எழுதினார். அவள் அதைத் தெருவுக்கே படித்துக் காட்டிவிட்டாள். பதில் கடிதத்தின் அடியில் பெரிய பெரிய எழுத்தில் ஜோசெட் ஒரு வரி எழுதியிருந்தாள்: 'அப்பா, நான் வந்தால் அந்த நாற்காலியில் உட்காரலாமா?'

நிற்க. அந்த வருடம் மார்சேயில் ஒரு பொருட்காட்சி நடந்தது. தாய்நாட்டின் நன்றி காலனிகளில் எப்படித் தழைக்கிறது என்று காட்டப் புகைப்படங்கள் கேட்டார்கள். நாற்காலியை முற்றத்துக்குத் தூக்கிவந்து வெயிலில் வைத்தார்கள். பக்கத்தில் நிற்க ஒரு வீரர் வேண்டும். ஆந்துவான் பதக்கத்தைக் குத்திக்கொண்டு வந்து நின்றார். படக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தார், வெளியே வந்தார், முசியே லபோர்த்தின் காதில் ஏதோ சொன்னார்.

"முசியே ஆந்துவான், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். படத்தில் உங்கள் கை தெரிகிறது."

"என் கை இல்லை முசியே."

"அதைத்தான் சொல்கிறேன். இல்லாதது தெரிகிறது. பார்க்கிறவர்கள் நாற்காலியைப் பார்க்க மாட்டார்கள்."

கடைசியில் ரோஜேவின் வலது கைக்கு வெள்ளைத் துணி சுற்றிக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். ரோஜே வாலிபர், நல்ல உயரம், போர்ப்பக்கம் போகாதவர், எல்லா விரல்களும் உள்ளவர். ஆந்துவானின் பதக்கத்தை இரவல் வாங்கி அவர் சட்டையில் குத்தினார்கள். குத்தியது ஆந்துவான்தான், மற்றவர்களுக்கு எந்தப் பக்கம் குத்துவது என்று தெரியவில்லை. படத்துக்குப் பொருட்காட்சியில் நற்சான்றிதழ் கிடைத்தது.

அதற்குப் பிறகு ரோஜேவால் ஆந்துவானின் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை. ஒருநாள் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்று தரையைப் பார்த்துச் சொன்னார்: "அண்ணே, அன்னிக்கு நான் மாட்டேன்னு சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா உன் வேலையும் போயிருக்கும். அப்புறம் ரெண்டு பேருமா சேர்ந்து தொடைக்கணும். ஒரு நாற்காலிக்கு ரெண்டு ஆள் எதுக்குப்பா?"

ரோஜே சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. ஆனால் அதிலிருந்து பாரிசிலிருந்து வரும் சட்டத் திருத்தம் ஒவ்வொன்றையும் விடாமல் படிக்க ஆரம்பித்தார். மூன்றாம் வருடக் கூட்டம் நெருங்கும்போது ஒருநாள் மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"அண்ணே, விதி மாறிடுச்சு! எந்தக் கையால வேணும்னாலும் எழுதலாம். நாப்பது கணக்கும் போச்சு. இனிமே புள்ளிக் கணக்குதான். ஏழு வேணும். கை போனதுக்கு மூணு. பதக்கத்துக்கு ஒண்ணு. முன்னாடி இங்க வேலை பாத்ததுக்கு ஒண்ணு. பொஞ்சாதிக்கு ஒண்ணு. பிள்ளைக்கு ஒண்ணு. விரல் விட்டு எண்ணிட்டேன். ஏழு! திங்கக்கிழமை கூட்டத்துல எழுந்து நின்னு வாசிக்கிறதுதான் பாக்கி."

எண்ணிய விரல்களைச் சட்டென்று சட்டைப்பைக்குள் மறைத்துக்கொண்டார்.

ஆந்துவான் சனிக்கிழமை காலை அரசு வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பூட்டியிருந்தது. ஜன்னல் இடுக்கு வழியே பார்த்ததில் குசினியில் தண்ணீர்க் குழாய் தெரிந்தது. காரைக்காலில் மாரி-ரோஸ் மூன்று வீடு தள்ளிக் கிணற்றில் இறைத்துவர வேண்டும். கடைக்குத் திரும்பிக் குழாயைப் பற்றிச் சொன்னார். சலாஹுதீன் பூப்போட்ட சீட்டித் துணியில் ஜன்னலுக்கு ஆகிற அளவு கிழித்துக் கொடுத்தார்.

"பிள்ளை வர்றப்போ வீடு மொட்டையா இருக்கக் கூடாது. பணம் கிணம்னு வாயத் தொறந்தா அடிப்பேன்."

தந்தி அன்று சாயங்காலம் வந்தது. சலாஹுதீனின் கடை விலாசத்துக்கு, காரைக்காலில் இருக்கும் அவருடைய தங்கை சைனம்பு அனுப்பியது. 'மாரி-ரோஸ் காய்ச்சலில் இறந்துவிட்டாள். அடக்கம் முடிந்தது. பிள்ளை என்னிடம்.'

ஆந்துவான் இரண்டு முறை படித்தார். பிறகு நான்காக மடித்தார். ஒரு கையால் மடிக்கச் சற்று நேரம் பிடித்தது. சலாஹுதீன் உதவிக்கு வரவில்லை, வர முடியவில்லை. அவர் முகத்தைத் துணிக்கட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு பூசைக்குப் போய்வந்த பிறகு ஆந்துவான் சொன்னார்: "நாளைக்குக் கூட்டத்துல இதக் குடுக்கணும்."

"எத?"

"தந்திய. குடும்ப நெலம மாறினா ஒடனே தெரிவிக்கணும்னு இருக்கு."

சலாஹுதீன் பதறிப்போனார். "உனக்குப் புத்தி இருக்கா? திங்கக்கிழமை போவட்டும், கையில உத்தரவு வரட்டும், செவ்வாக்கிழமை அழுதுகிட்டே போய்ச் சொல்லு. காரைக்கால்லேந்து ஆள் வந்து பாக்கப் போறானா? செத்துப்போன அந்தப் பிள்ளையே இருந்தா என்ன சொல்லும்? சொல்லாதீங்கன்னுதானே சொல்லும்?"

"நாங்க கையெழுத்துப் போட்ட குடும்பம் நானா. எங்க வீட்டுல சாவு விழுந்தா ஒப்பாரிக்கு முந்தி நகரசபைக்கு ஆள் போவும். எங்க அம்மா செத்தப்போ எங்கப்பா சட்டையை மாட்டிக்கிட்டுப் பதிவு பண்ணப் போனாரு. பண்ணிட்டு வந்துதான் அழுதாரு. பதியாத சாவு எங்களுக்குச் சாவு இல்ல. நான் இத மறைச்சா, அவ அங்க செத்தும் சாகாம கெடப்பா."

"அப்ப ஊருக்குப் போ! சீட்டு நான் எடுக்கிறேன். நாளைக்கே கப்பல் இருக்கு. பிள்ளையப் போய்ப் பாரு."

"போனா மனு போயிடும். அங்க ஒத்தக் கையன் என்ன வேல பாத்து அவளுக்குச் சோறு போடுறது? இங்க கூட்டி வந்தா எங்க வெச்சுக்கிறது, ஆம்பளைங்க படுக்கிற கடையிலா? வீடு வேணும் நானா. நெலமயச் சொன்னா அவங்களும் மனுசங்கதானே?"



மூன்றாம் வருடக் கூட்டத்தில் ரோஜே கதவிலேயே காத்திருந்தார். சலாஹுதீன் காலையிலேயே ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டிருந்தார் போலும், ரோஜேவின் கண் சிவந்திருந்தது. "அண்ணே, உங்க காலப் புடிச்சுக் கேக்குறேன். அத உள்ள வெச்சுக்கங்க. நான் வாசிச்சு முடிக்கிற வரைக்கும்."

ஆந்துவான் அவர் தோளைத் தொட்டு விலக்கிவிட்டு உள்ளே போனார். தந்தியை மேசையின் மேல் வைத்து, மடிப்பை நீவிவிட்டார்.

முசியே லபோர்த் படித்தார். தன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். மற்ற இருவரும் எழுந்தார்கள். "அங்கம் இழந்த வீரரின் மறைந்த மனைவிக்கு ஒரு நிமிட மௌனம்" என்று சொல்லிச் சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். கப்பித்தேனின் மீசை நடுங்கியது. மருத்துவர் கைக்குட்டையை எடுத்தார். ஆந்துவானுக்கு அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. மூன்று பிரெஞ்சுப் பெரியவர்கள் மாரி-ரோஸுக்காக எழுந்து நிற்கிறார்கள். அவளுக்குத் தெரிந்தால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடிப்போயிருப்பாள்.

கடிகாரம் உள்ளே போனது. எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

"ரோஜே, அனுதாபம் தெரிவிக்கப்பட்டது என்று எழுதிக்கொள். மனைவி, ஒரு புள்ளி. கழி. மொத்தம்?"

ரோஜே பேனாவை மறுபடி மைக்கூட்டில் தோய்த்தார்.

"மொத்தம் ரோஜே?"

"ஆறு."

"ஆறு" என்றார் முசியே லபோர்த், நிஜமான வருத்தத்தோடு. "முசியே ஆந்துவான், இந்த மேசையில் உங்களைவிட அதிகம் வேதனைப்படுகிறவன் நான். சனிக்கிழமை காலையில் கூட்டம் வைத்திருக்கலாம். அன்றைக்கு எனக்குக் குதிரைப் பந்தயம்."

"முசியே, தாய் இல்லாத பிள்ளை. அதனால்தான் வீடு இப்போது அதிகம் தேவைப்படுகிறது."

"அது உணர்ச்சி. உணர்ச்சியை நாம் ஏற்கெனவே ஒரு நிமிடம் அனுசரித்துவிட்டோம்."

மருத்துவர் சட்டத்தில் ஆறுதல் ஏதும் இருக்குமா என்று பரிவோடு புரட்டினார். "இதோ, கணவனை இழந்த மனைவிக்கு இரண்டு புள்ளி கூடுதலாக உண்டு. நீங்கள் இறந்து அவர் இருந்திருந்தால் தாராளமாகக் கிடைத்திருக்கும். மனைவியை இழந்த கணவனைப் பற்றி ஒன்றும் இல்லை. குண்டு வீரர்களைத்தான் கொல்லும் என்று எழுதியவர்கள் நினைத்திருக்கிறார்கள், காய்ச்சலை எதிர்பார்க்கவில்லை."

"மறுமணம் செய்துகொண்டால் புள்ளி திரும்பிவிடும்" என்றார் கப்பித்தேன் உற்சாகமாக. "ஒரு படைவீரன் கோட்டையை இழந்தால் என்ன செய்வான்? மறுபடி பிடிப்பான்!"

ஆந்துவான் சுவரோரம் பார்த்தார். காலையில் அவர் துடைத்த பித்தளை பளபளவென்று இருந்தது.

முசியே லபோர்த் பாரிசுக்கு அனுப்பும் வருடாந்தர அறிக்கையைச் சொல்லச் சொல்ல ரோஜே எழுதினார். 'இவ்வாண்டும் தகுதியுள்ள வீரர் எவரும் முன்வரவில்லை. இருக்கை மிக நல்ல நிலையில் உள்ளது. அது நாள்தோறும் துடைக்கப்படும் விதம் பாராட்டுக்குரியது. ஒதுக்கீட்டை மேலும் ஓர் ஆண்டுக்கு நீட்டித்து உத்தரவிட வேண்டுகிறோம்.'

"இன்றைக்குக் கப்பலில் போயாக வேண்டும். தவறினால் ஒதுக்கீடு காலாவதி, நாற்காலியைப் பண்டகசாலைக்கு அனுப்ப வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு அவர் தொப்பியை எடுத்துக்கொண்டார். போகும்போது ஆந்துவானின் இடது கையைப் பற்றிக் குலுக்கினார். "அடுத்த வருடம், முசியே ஆந்துவான். தைரியமாக இருங்கள்."

அறையில் ஆந்துவானும் ரோஜேவும் உறையும் மட்டும் இருந்தார்கள்.

"குடுங்கண்ணே, நான் ஒட்டிக்கிறேன். இத நீங்க பண்ண வேணாம்." ரோஜே உறையின் மேல் கையை வைத்தார். "இல்ல, ஒட்டவே வேணாம். ஆத்துல போட்டுடுறேன். தகுதியுள்ளவர் எவரும் முன்வரவில்லைன்னு என் கையால எழுதினேன் அண்ணே. நீங்க எதிர்ல நிக்கிறீங்க."

"ஆத்துல போட்டா?"

"நாற்காலி போவும். போவட்டுமே! நீங்க இதே கப்பல்ல ஏறுங்க. சலாஹுதீன் நானா சீட்டோட தொறையில நிக்கிறாரு. கொழும்புல எறங்கினா காரைக்கால் எவ்வளவு தூரம்?"

ஆந்துவான் யோசித்தார். ஜோசெட் எப்படி இருப்பாள் என்று யோசித்தார். முகம் வரவில்லை, பெரிய பெரிய எழுத்தில் எழுதிய அந்த ஒரு வரிதான் வந்தது.

"மொதல் வருஷம் நாப்பதுன்னாங்க. மாறிச்சு. ரெண்டாவது வருஷம் வலது கைன்னாங்க. அதுவும் மாறிச்சு. இப்ப ஒரு புள்ளிதான் கொறையுது ரோஜே. ஒண்ணே ஒண்ணு. இவ்வளவு கிட்ட வந்ததே இல்ல. இப்பப் போயி நாற்காலிய விட்டுட்டா, அவளுக்கு நான் என்னத்தக் காட்டுறது?"

மெழுகுவர்த்தியை ஏற்றினார். உறை நகராமல் இருக்க வலது கையின் மிச்சத்தை அதன் மேல் ஊன்றினார். இடது கையால் அரக்குக் குச்சியைச் சுடரில் காட்டினார். சிவப்பாக உருகிச் சொட்டியது. ஒரு சொட்டு குறி தவறி, ஊன்றியிருந்த கையின் மேல் விழுந்தது. அந்த இடத்தில் அவருக்கு உணர்வு கிடையாது. மற்றச் சொட்டுகள் உறையின் மடிப்பில் சரியாக விழுந்தன. முத்திரையை எடுத்து அழுத்தினார். குடியரசின் உருவம் துளியும் பிசகாமல் பதிந்தது. முசியே லபோர்த் பார்த்திருந்தால் பாராட்டியிருப்பார்.

துறையில் கப்பல் புகை விட்டுக்கொண்டிருந்தது. சலாஹுதீன் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றார். அவர் கையில் சீட்டு இருந்தது. அக்குளில் ஒரு சின்னத் துணி மூட்டை, ஆந்துவானின் உடுப்புகள். ஆந்துவான் கையில் உறையைக் கண்டதும் முகம் சுருங்கிப்போய், "தம்பி" என்று மட்டும் சொன்னார்.

ஆந்துவான் அவரைத் தாண்டிப் போய் அஞ்சல் பையைப் பிடித்திருந்த கப்பல்காரரிடம் உறையை நீட்டினார். அவர் முத்திரையைப் பார்த்துத் தலையசைத்துப் பைக்குள் போட்டு வாயை இறுக்கிக் கட்டினார். கப்பல் படியின் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, படியைத் தூக்குவதற்கு முன்னால், வழக்கமாகக் கேட்பதுபோல் கேட்டார்:

"இதோடு யாராவது ஏறுகிறார்களா, முசியே?"

"இல்லை" என்றார் ஆந்துவான். "கடிதம் மட்டும்தான்."